புழக்கடைப் பூஞ்செடிகள்: ஒரு விவசாய உத்தியோகஸ்தனின் அனுபவம்

கரும்பு, நெல், மக்காச்சோளம், மரவள்ளி, பருத்தி முதலிய பயிர்களின் செய்நேர்த்தியைப் பற்றி இப்பத்திரிகையில் எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. வீட்டுப் புழக்கடையில் நாலு பூஞ்செடி வைத்துக் காப்பாற்றுவதைப் பற்றி எழுதப் புகுந்தால், இதுவும் ஒரு விஷயமா என்று மிராசுதாரர்களில் சிலர் நகைக்கக்கூடும். சில வருஷங்களுக்கு முன் வேறொருவர் இதை எழுதியிருந்தால் நானும் அவ்விதமே நகைத்துப் பக்கத்தைத் திருப்பியிருப்பேன். ஏக்கர்க் கணக்கில் பயிர் செய்கிறவர்களுக்கு யோசனை சொல்லும் உத்தியோகத்தில் இருப்பவனுக்கு நாலு செடி ஒரு பொருட்டா என்பதே என் எண்ணமாயிருந்தது. அந்த நாலு செடியை உயிரோடு வைத்திருக்க எனக்குத் தெரியாது என்பது பின்னரே வெளியாயிற்று.

தியாகதுருகம் சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குச் செல்லும் ராஜபாட்டையில் உள்ள ஊர். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் ஹைதர் அலியும் மாறி மாறிப் போரிட்ட கோட்டையைத் தாங்கிய பாறைக் குன்று ஊரை ஒட்டி நிற்கிறது. மேற்கே கல்வராயன் மலைத்தொடர். கோமுகியும் மணிமுக்தாவும் அம்மலையிலிருந்து இறங்கி வருவதால் ஆற்றுப் பாசனமும் ஏரிப் பாசனமும் உள்ள கிராமங்கள் செழிப்பாகவே இருக்கின்றன. நான் குடியிருக்கும் வீடோ குன்றின் அடிவாரத்தில், சரளை கலந்த செம்மண்ணில் அமைந்தது. அரை அடிக்குக் கீழே கடப்பாறை ஓசை எழுப்பும். பாறையானது பகலெல்லாம் வாங்கிய உஷ்ணத்தை இரவில் திருப்பித் தரும். பூஞ்செடி வைக்காமல் இருப்பதற்கு இவையெல்லாம் போதுமான காரணங்கள் என்று வீட்டாரிடம் பலமுறை எடுத்துரைத்திருக்கிறேன்.

என் தகப்பனார் காலமான பிறகு என் தாயார் என்னுடன் வசித்து வருகிறார்கள். தாம் பூச் சூடுவதை நிறுத்திவிட்டார்களாயினும், தினந்தோறும் காலையில் தகப்பனாரின் படத்துக்கு ஒரு பூவாவது வைக்காமல் ஆகாரம் கொள்வதில்லை. கடையில் வாங்கும் முழப்பூ முதல் நாள் மாலையில் கட்டியதாகையால் காலையில் வாடியிருக்கும். “ஏம்பா, ஊருக்கெல்லாம் பயிர் வைக்கச் சொல்லிக்கொடுக்கிறாய். அப்பா படத்துக்கு ஒரு பூ நம் வீட்டில் முளைக்காதா?” என்று ஒருநாள் கேட்டார்கள். “செடி வைத்து, தண்ணீர் ஊற்றி, பூச்சி பார்த்து, கணக்குப் போட்டால் கட்டாது அம்மா. வாங்கிக்கொள்வதே லாபம்” என்று பதில் சொன்னேன்.

கணக்கும் சரியாகத்தான் இருந்தது. குண்டுமல்லியை நாலடிக்கு நாலடி இடைவெளியில் வைத்தால் ஏக்கருக்குச் சுமார் 2,500 செடி பிடிக்கும். நன்றாய்ப் பராமரித்த தோட்டத்தில் ஏக்கருக்கு வருஷம் 3 டன் மொட்டு எடுக்கலாம். அதாவது செடி ஒன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். நாலு செடி வைத்தால் வருஷத்துக்கு ஐந்து கிலோ. இதற்காகவா சரளையைத் தோண்டுவது?

அந்த வருஷம் தை மாதத்தில் தகப்பனாரின் திவசம் வந்தது. பொங்கலை ஒட்டிய நாட்களில் மல்லிகை விலை எப்படி ஏறும் என்பது யாவரும் அறிந்ததே. சில வருஷங்களில் கிலோ 2,000 ரூபாயையும் தாண்டியதுண்டு. பனியில் வரத்துக் குறைவதும் முகூர்த்தங்கள் கூடுவதும் இதற்குக் காரணம். முதல் நாள் கிராமத்தில் கூட்டம் முடிந்து நான் ஊர் திரும்ப இரவு வெகு நேரமாயிற்று. பூக்கடையில் மிச்சமில்லை. மறுநாள் காலை என் தாயார் படத்துக்கு இரண்டு துளசி இலையை வைத்துக் கும்பிட்டார்கள். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏதேனும் சமாதானம் கூறியிருப்பேன்.

ஆகவே சித்திரை மாதத்தில், சிறு வண்டியில் செடி ஏற்றி வந்த ஒரு வியாபாரியிடம் இரண்டு ரோஜா ஒட்டுச்செடிகளை வாங்கினேன். மனமில்லாமல் செய்கிற காரியம் எப்படி இருக்குமோ அப்படியே அதுவும் இருந்தது. மேற்குப் பார்த்த சுவரோரம் ஓரடிக் குழி வெட்டி, வெட்டிய சரளையையே திரும்பத் தள்ளி மிதித்துவிட்டேன். கோடையின் உச்சத்தில் நட்டது, பிற்பகல் வெயில் தகிக்கும் சுவரோரம் நட்டது, எரு இடாமல் சரளையில் நட்டது என்று மூன்று தவறுகளை ஒரே மணி நேரத்தில் செய்தேன். இவற்றில் ஒன்றையாவது ஒரு விவசாயி செய்யக் கண்டிருந்தால் அரைமணி நேரம் புத்தி சொல்லியிருப்பேன். மேலும், ரோஜாவுக்குப் பேர்பெற்ற ஓசூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 3,000 அடி உயரத்தில் உள்ளது. அங்கே கைபோல் தழைக்கும் இனம் நமது சமவெளிக் கோடையைத் தாங்குமா என்று வாங்குமுன் கேட்டிருக்க வேண்டும்.

இருபது நாளில் ஒட்டுக்கு மேலே காய்ந்துவிட்டது. ஒட்டுக்குக் கீழே முள் நிறைந்த துளிர் ஒன்று வேகமாய்ப் புறப்பட்டது. ரோஜா பிழைத்துக்கொண்டது என்று வீட்டார் மகிழ்ந்தனர். அது நாம் வாங்கிய ரோஜாவன்று, ஒட்டுக்கு வேர் கொடுத்த காட்டினம் என்று அறிந்திருந்தும் சில தினங்கள் நான் வாய் திறக்கவில்லை. ஒட்டுச்செடி வாங்குவோர் அடியிலிருந்து கிளம்பும் இத்தகைய போத்துக்களை அவ்வப்போது கிள்ளிவிடாவிடில், அவை சாரத்தையெல்லாம் உறிஞ்சி மேற்செடியைக் கொன்றுவிடும்.

ஆனி மாதத்தில் குண்டுமல்லியை முயன்றேன். ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்திலிருந்துதான் தமிழ்நாட்டின் பல பாகங்களுக்கும் வேர்விட்ட மல்லிகைக் குச்சிகள் செல்கின்றன. எனக்கும் அங்கிருந்து வந்த நாற்றுக்கள் நாலு கிடைத்தன. இம்முறை குழியைச் சரியாகவே எடுத்தேன். ஆனால் உரம் இடுவதில் என் படிப்பே எனக்குச் சத்துருவாயிற்று. மல்லிகைச் செடி ஒன்றுக்கு வருஷத்துக்கு 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து, 120 கிராம் சாம்பல்சத்து என்பது சிபாரிசு. 60 கிராம் தழைச்சத்து என்றால் யூரியாவில் சுமார் 130 கிராம். இரண்டாகப் பிரித்து இடவேண்டிய அதனை, அடிக்கடி நினைவு வைத்துக்கொண்டிருக்க யார் என்று ஒரே தவணையில் நட்ட மூன்றாம் வாரமே இட்டுவிட்டேன். நன்றாய் வளர்ந்த புதர் ஒரு வருஷத்தில் உண்ணவேண்டியதை, ஒரு சாண் நாற்றுக்கு ஒரே நாளில் ஊட்டினால் என்ன ஆகும்? மண்ணீரில் உப்பு மிகுந்தால் வேர் நீரை உறிஞ்ச மாட்டாமல், ஈரத்தின் நடுவிலேயே செடி தாகத்தால் சாகும். நாலு நாற்றும் ஐந்தாம் நாள் தீய்ந்துபோயின. என் தாயார் வெளியே வந்து பார்த்து, “பசும் பிள்ளைக்கு விருந்துச் சாப்பாடு போட்டுவிட்டாய்” என்றார்கள்.

தோட்டக்கால் பெரிதாயிருந்தால் தவறு சராசரியில் மறைந்துவிடும். நாலு செடியில் ஒன்று போனால் கால் பங்கு போயிற்று. நம்மவர்களில் முப்பது ஏக்கர் கரும்பை லாவகமாய் நடத்துகிற பலர் வாசலில் ஒரு செம்பருத்தியைக் காப்பாற்ற முடியாமல் இருப்பதற்குச் சோம்பல் காரணமன்று. வயலுக்குச் செல்லும்போது கவனத்தை எடுத்துக்கொண்டு போகிறோம். வீட்டுக்கு வரும்போது அதைக் களத்திலேயே வைத்துவிட்டு வருகிறோம்.

நிற்க. ஆவணியில் மழை பிடித்ததும் மறுபடி நட்டேன். இப்போது உயிரோடிருக்கும் செடிகள் அவையே. ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்துச் சில நாள் ஆறவிட்டு, சரளையை ஒதுக்கிவிட்டு, ஏரிக்கரைப் பக்கமிருந்து வந்த செம்மண்ணோடு குழிக்கு 10 கிலோ மக்கிய தொழு எருவும் ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்பினேன். மல்லிகைக்கு நாள் முழுதும் வெயில் வேண்டும். முருங்கை நிழலில் வைத்தால் இலை தளதளவென்று வரும்; பூ வராது. முதல் ஆறு மாதம் ரசாயன உரம் எதுவும் இடவில்லை.

தண்ணீருக்கென்று தனியாக இறைக்கவில்லை. குளிக்கும் தண்ணீரைச் சிறு வாய்க்கால் வழியாய்க் கல்வாழைப் பாத்தியில் விட்டு, அங்கு தேங்கித் தெளிந்து வருவதைச் செடிகளுக்குப் பாய்ச்சினேன். துணி துவைக்கும் சோடாத் தண்ணீரை மட்டும் கண்டிப்பாய் வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும். முதலில் இதைக் கவனியாததால் இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாய் நின்றது. மண்ணில் காரம் ஏறி, இரும்புச் சத்து செடிக்கு எட்டாமற்போவதன் அடையாளம் இது. அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, சில தினங்கள் இடைவிட்டு மும்முறை இலைமேல் தெளித்தபின் புதுத்துளிர் பச்சையாய் வந்தது.

வெள்ளாட்டைப் பற்றி எழுத வேண்டியதில்லை. கிராமத்தில் இருப்பவர்கள் அறிவர். முள் வைத்தேன், படல் கட்டினேன், பயனில்லை. கடைசியில் வேலியோரம் செவ்வரளிக் குச்சிகளை நெருக்கமாய் ஊன்றினேன். ஆடு அதைத் தொடாது. பூவும் வருஷம் முழுதும் கிடைக்கும். ஆனால் அரளியின் வேர் முதல் விதை வரை எல்லாம் விஷமாகையால், கழித்த கிளைகளை மாட்டுத் தீவனத்தோடு கலந்துவிடாமலும், குழந்தைகள் வாயில் வைக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கனகாம்பரம் வைத்ததும் ஒரு பாடமே. இச்செடி நம் தென்னிந்தியாவுக்கே உரியது. உலர்ந்த காய்கள் நீர் பட்டால் படபடவென வெடித்து விதையைத் தூர எறியும். என் மகள் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் இதிலேயே கழித்தாள். நட்ட பாத்தியோ முன்னர் குடியிருந்தவர்கள் கத்தரியும் தக்காளியும் போட்ட இடம். மூன்றாம் மாதம் செடிகள் நடுப்பகலில் வாடுவதும் மாலையில் தெளிவதுமாயிருந்து, பின்பு ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் மணி கோத்ததுபோல் முடிச்சுக்கள். இது கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவின் வேலை. கத்தரி, தக்காளி, வெண்டை ஆகியவற்றின் வேரிலும் இதுவே வாழ்வதால் பின்வரும் கனகாம்பரத்துக்கு அது காத்துக்கொண்டிருந்தது. அப்பாத்தியில் செண்டுமல்லியை நெருக்கமாய் விதைத்தேன். மெக்ஸிகோ தேசத்திலிருந்து வந்து நம் மாலைகளில் இடம் பிடித்துக்கொண்ட இச்செடியின் வேரில் நூற்புழுவுக்கு ஆகாத ஒரு வஸ்து உண்டு. ஓரிரண்டு செடியை ஊடே வைத்தால் போதாது. பாத்தி முழுதும் மூன்று மாதமாவது நிற்கவேண்டும். ஆயுத பூஜைக்குப் பூவும் கிடைத்தது. செடியை மண்ணிலேயே மடக்கிப் புதைத்துவிட்டுப் பின்னர் வைத்த கனகாம்பரம் இன்றும் நன்றாயிருக்கிறது.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. ஆகஸ்டு 15-ஆம் தேதி கொடியேற்றியதும் ஆபீஸ் முற்றத்தில் செடி நடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பருவம் சரியானதே. ஐப்பசியில் பார்த்தால் அங்கே கூண்டு மட்டும் நிற்கும். நடுகிறவர் பெயரைக் குறித்துக்கொள்வதோடு தண்ணீர் விடுகிறவர் பெயரையும் குறித்துக்கொண்டால் நலம்.

இரண்டாம் வருஷம் பங்குனியில் மல்லிகை மொட்டு வைக்கத் தொடங்கியது. குண்டுமல்லியை மொட்டாய், சூரியோதயத்துக்கு முன்னரே பறிக்க வேண்டும். அன்று மாலை அது தானே மலரும். என் தாயார் விடியுமுன் எழுந்து, கண்புரை சற்று மறைப்பதால் கையாலேயே தடவிப் பறித்து, ஓர் உழக்கில் போட்டுக்கொண்டு வருவார்கள். முதற் பூ படத்துக்கு, மிச்சம் மருமகளுக்கும் பேத்திக்கும். மதுரை மல்லிக்கு 2013-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்ததையும், பிலிப்பைன்ஸ் தேசத்தார் 1934-லேயே இக்குண்டுமல்லியைத் தங்கள் தேசிய மலராக்கிக்கொண்டதையும், சீனர்கள் மல்லிகையினத்தைக் கொண்டு தேயிலைக்கு மணமூட்டுவதையும் அவர்களிடம் சொன்னேன். “அவர்களும் விடியுமுன்தான் பறிப்பார்களா?” என்று மட்டும் கேட்டார்கள்.

மழைக்காலத்தில் மொட்டுக்களைச் சேர்த்து நூலாம்படை பின்னும் மொட்டுப்புழு தோன்றியது. கண்ட மொட்டுக்களைப் பறித்து எரித்துவிட்டு, லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடித்த சாற்றைத் தெளித்தோம். சாமி படத்துக்கும் தலைக்கும் செல்லும் பூவாகையால் கடும் விஷமருந்து எதையும் வீட்டுக்குள் அனுமதிக்கவில்லை.

கார்த்திகை வந்ததும் கவாத்து விஷயம் எழுந்தது. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடிக்குச் சற்று மேலாக விட்டு, மற்றதையெல்லாம் வெட்டிவிட வேண்டும் என்பது நான் நூறு கூட்டத்திலாவது சொல்லியிருக்கும் விஷயம். மல்லிகை புதுத்துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழங்கிளையை விட்டுவைத்தால் அது பேருக்கு நாலு துளிர்விட்டு ஓய்ந்துவிடும். வெட்டினால் பக்கமெல்லாம் துளிர்த்து, பங்குனி தொடங்கி ஆவணி வரை அடர்ந்து பூக்கும். கவாத்துக் கத்திரியை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனேன். என் தாயார் செடியின் முன்னால் வந்து நின்றுவிட்டார்கள்.

“பூத்துக்கொண்டிருக்கிற செடியை வெட்டுவாயா?”

“இது கவாத்து அம்மா. வெட்டினால்தான் அதிகம் பூக்கும்.”

“எப்போது?”

“பங்குனியில்.”

“மார்கழிக்கு?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வெட்டிய செடி மூன்று மாதம் பூக்காது. அதிகாரம் செலுத்த இடமில்லாத நிலையில் இலாகாவின் வழியையே கைக்கொண்டேன். நாலு செடியில் இரண்டை வெட்டுவது, இரண்டை விடுவது, பங்குனியில் பார்ப்பது என்று முடிவாயிற்று. மிராசுதாரர் நிலத்தில் பாதியில் நம் முறை, பாதியில் அவர் முறை என்று கயிறு கட்டிப் பிரிப்போமே, அதுபோலத்தான். என் உத்தியோக காலத்தில் அமைத்த செயல்விளக்கத் திடல்களில் இதுவே மிகச் சிறியது. வெட்டிய இரண்டுக்கும் விட்ட இரண்டுக்கும் ஒரே அளவு எருவிட்டேன். அதில் பாரபட்சம் இல்லாதபடி என் தாயார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார்கள்.

மார்கழியில் வெட்டிய செடிகள் மொட்டையாய் நின்றன. விட்ட இரண்டில் பனிக்கு நடுவே நாளொன்றுக்கு இரண்டு மொட்டு, சில நாள் ஒன்று, சில நாள் ஒன்றுமில்லை. தை மாதத் திவசத்தன்று மூன்று இருந்தன. பங்குனி பிறந்தபின் கதை மாறியது. வெட்டிய செடிகளிலிருந்து உழக்கு நிரம்பி வழிந்தது. விட்டவற்றிலிருந்து உழக்கின் அடி மறையப் பல நாள் சிரமமாயிருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்மணிகள் இதைக் கண்டு, தத்தம் செடிகளுக்கும் கவாத்துச் செய்யும் நாள் என்னவென்று வந்து விசாரித்தார்கள். எந்தக் கூட்டத்திலும் இவ்வளவு கேள்வி எழுந்ததில்லை.

இந்த இரண்டு வருஷத்தில் என் கணக்கில் இருந்த பிழையும் எனக்கு விளங்கிற்று. வயலின் மகசூலை எடையால் கணக்கிடுகிறோம். வீட்டுச் செடியின் மகசூலை, பூ உள்ள நாட்களால் கணக்கிட வேண்டும். ஆகவே புதிதாய்ச் செடி வைக்க விரும்புவோர் ஒரே இனத்தில் பத்து வைப்பதைவிட, குண்டுமல்லி இரண்டு, முல்லையோ பிச்சியோ ஒன்று, பாத்தி ஓரம் கனகாம்பரம், வேலியில் அரளி, மார்கழிக்கென்று டிசம்பர் பூ நாலைந்து, கிணற்றடியில் ஒரு நந்தியாவட்டை என்று வைத்துக்கொண்டால் வருஷத்தில் பூவற்ற நாள் இராது. முல்லையில் சிலந்திப்பேன் தொல்லையைத் தாங்குவதற்கென்று கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் தேர்ந்தெடுத்த ‘பாரிமுல்லை’ நல்லது. முல்லைக்கும் பிச்சிக்கும் கவாத்து தை மாதத்தில், ஜனவரி கடைசி வாரத்தில் செய்ய வேண்டும். குண்டுமல்லியோடு சேர்த்துக் கார்த்திகையில் வெட்டிவிடலாகாது. ரோஜாதான் வேண்டுமென்போர் ஆடி கழிந்து நடலாம். நான் இன்னும் இரண்டாம் முறை முயலவில்லை.

மறு வருஷம் கார்த்திகை பத்துத் தேதிக்கு என் தாயார் தாமே கவாத்துக் கத்திரியைத் தேடி எடுத்துவந்து திண்ணையில் வைத்தார்கள். போன வருஷம் விட்ட இரண்டையும் இம்முறை சேர்த்து வெட்டிவிடலாமா என்று கேட்டேன். செடிகளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மூன்றை வெட்டு. கடைசிச் செடியை விட்டுவிடு” என்றார்கள்.